பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேர்

கேள்வி: ஐயா, எனக்கு 23 வயது. தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். அம்மா கொழுந்து எடுக்கிறார். கடந்த வருடம் ஜனவரி 20ஆம் திகதி நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ஸ்டுவர்ட் (சாப்பாடு பரிமாறும்) வேலைக்குச் சேர்ந்தேன். 22 அறைகள், 18 பேர் வேலை செய்கிறோம். சேர்ந்த அன்று இங்கிலீஷில் ஒரு கடிதம் தந்து கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்னை 'ட்ரெய்னி' என்று போட்டிருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளின் அடியிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வாரத்தில் ஆறு நாள், காலை 6 முதல் 10.30 வரை, பகல் 12 முதல் 3 வரை, பின்னேரம் 6.30 முதல் இரவு 11 வரை டியூட்டி. தங்குவது ஸ்டாஃப் ரூமில். சம்பளம் 28,000 ரூபாய், சர்விஸ் சார்ஜ் தனி. ஓ.டி. (மேலதிக நேரச் சம்பளம்) கேட்டால் 'சர்விஸ் சார்ஜில் எல்லாம் அடக்கம்' என்கிறார்கள். சம்பளச் சிட்டையில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) என்று 2,240 ரூபாய் வெட்டுகிறார்கள், ஆனால் எனக்கு அங்கத்துவ இலக்கம் தரவில்லை. தீபாவளிக்கு லீவு இல்லை. ஏப்ரல் சீசனுக்கு யாருக்கும் ஓஃப் இல்லை என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். இதை எங்கே கேட்பது? கேட்டால் வேலை போய்விடுமா? அடுத்த வருடம் கட்டார் போக நினைக்கிறேன். இந்த அனுபவம் அதற்கு உதவுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள தம்பி,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படங்களையும் பார்த்தேன். முதலில் நியமனக் கடிதம், அப்புறம் வட்ஸ்அப் குரூப்பில் வந்த டியூட்டி ரோஸ்டர். ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் வேலை நேரம் என்ற இடத்தில் 'நிர்வாகத்தின் தேவைக்கேற்ப' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. தோட்டத்தில் கொந்தரப்பு என்று சொல்வோமே, காண்ட்ராக்ட் என்ற சொல்தான் நம் வாயில் அப்படி ஆனது. இத்தனை மரம் கவ்வாத்து, இத்தனை ரூபாய் என்று அளந்து கொடுப்பார்கள். முடித்தால் வீட்டுக்குப் போகலாம். உங்கள் கொந்தரப்பில் அந்த அளவைத்தான் காணவில்லை.

அம்மா கொழுந்து எடுக்கிறவர் என்கிறீர்கள். வீட்டுக்குப் போகும்போது அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்பது தோட்டக் கணக்கு. நாள் முழுக்க மலையில் நின்ற அன்று செக்ரோலில், அதாவது வரவுப் பதிவேட்டில், அரைப்பேர் போட்டால் என்ன செய்வார்? அன்று பின்னேரமே கணக்கப்பிள்ளை முன்னால் போய் நிற்பார். கணக்கப்பிள்ளை அசையாவிட்டால் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவார். சட்டத்தின் இலக்கமும் ஆண்டும் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். தன் பேர் எத்தனை என்பது தெரியும். தோட்டத்தை விட்டு இறங்கி ஹோட்டலுக்கு வந்த பிள்ளைகளிடம் நான் காணாதது அதைத்தான். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் போட்டதும் மணிக்கணக்குக் கேட்பது கௌரவக் குறைச்சலாகிவிடுகிறது. 12 மணி நேரம் தட்டு தூக்கிவிட்டு ஒரு பேர் வாங்கிக்கொண்டு படுக்கப் போகிறீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம்.

ஹோட்டலும் சாப்பாட்டுக் கடையும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்குள் வருகின்றன. அந்தச் சட்டத்தில் சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. சாப்பாட்டு நேரம் இதில் சேராது. இதற்கு மேல் செய்தால் மேலதிக நேரம், ஒன்றரை மடங்கு சம்பளம். அந்த மேலதிக நேரத்துக்கும் வாரத்துக்கு 12 மணி என்று ஒரு வரம்பு உண்டு.

உங்கள் ரோஸ்டரில் காலை நாலரை, பகல் மூன்று, இரவு நாலரை, மொத்தம் 12 மணி நேரம். நீங்கள் சமையலறை மூலையில் நின்றபடி சாப்பிடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் முதலாளி பக்கம் ஒரு மணி நேரத்தைச் சாப்பாட்டுக்கு விட்டுக்கொடுப்போம். நாளுக்கு 11, ஆறு நாளுக்கு 66. அதில் 45 போனால் 21. வாரம் 21 மணி நேரம் மேலதிகம், அதாவது சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவையும் 9 மணி தாண்டிவிட்டது. வரம்பைத் தாண்டியது முதலாளியின் குற்றம். அதைக் காட்டி, 'தாண்டின நேரத்துக்குக் காசு இல்லை' என்று அவர் சொல்ல முடியாது.

அடுத்தது அடிப்படைச் சம்பளம். தேசியக் குறைந்தபட்ச சம்பளம் 2025இல் செய்த திருத்தத்தின்படி அந்த ஆண்டு ஏப்ரல் முதல் 27,000 ரூபாய், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய். ஆகவே இந்த ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய் உங்களுக்குக் குறைகிறது. கடை, அலுவலகச் சட்டத்தின் கீழ் ஒரு மணி நேரச் சம்பளம் பார்க்க மாதச் சம்பளத்தை 240ஆல் வகுப்பது வழக்கம். 30,000ஐ வகுத்தால் 125 ரூபாய். ஒன்றரை மடங்கு 187 ரூபாய் 50 சதம். இருபத்தொரு மணிக்கு 3,937 ரூபாய் 50 சதம். நாலு வாரத்துக்கு 15,750. சம்பளத்தில் பாதிக்கு மேல், தம்பி. மாதா மாதம்.

இடையில் கிடைக்கும் அந்த ஒன்றரை மணி, மூன்றரை மணி ஓய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரூமுக்குப் போய்ப் படுக்கலாம், டவுனுக்குப் போய் வரலாம் என்றால் அது உங்கள் நேரம். 'ரூமிலேயே இரு, பஸ் வந்தால் கூப்பிடுவோம்' என்று சொல்லி, வாரத்தில் மூன்று நாள் கூப்பிடவும் செய்தால் கதை வேறு. கூப்பிட்ட நாளையும் நேரத்தையும் தனியாகக் குறித்து வையுங்கள்.

குறித்து வைப்பதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். தொழில் அதிகாரியாக இருந்த காலத்தில் ஒரு ஹோட்டலுக்குச் சோதனைக்குப் போனேன். உங்கள் ஹோட்டலைப் போல ஒன்று, இதே மலைநாட்டில்தான். வரவுப் பதிவேட்டைக் கேட்டதும் மனேஜர் சிரித்த முகத்தோடு கொண்டுவந்து வைத்தார். அப்படி ஓர் அழகான பதிவேட்டை நான் கண்டதில்லை. எல்லோரும் காலை 8.00க்கு வந்து 5.00க்குப் போயிருந்தார்கள். ஒரு நிமிடம் முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. எல்லாம் ஒரே நீலப் பேனை, ஒரே கையெழுத்து. புரட்டிக்கொண்டே போனால் பெப்ரவரி 30ஆம் திகதிக்கும் எல்லோரும் வேலைக்கு வந்திருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் தேநீர் சொல்லி அனுப்பினார்.

ஆனால் பதிவேடு பொய் என்று காட்டினால் மட்டும் போதாது. உண்மை எது என்றும் காட்ட வேண்டும். அதைக் காட்டியவர் ஒரு கிச்சன் ஹெல்பர். களஞ்சிய அறைக் கதவுக்குப் பின்னால் நகைக்கடைக் காலண்டர் ஒன்று தொங்கியது, மேலே முருகன் படம். ஒவ்வொரு திகதிக் கட்டத்திலும் பென்சிலால் பொடி எழுத்தில் 11.20, 11.45, 12.05 என்று எழுதியிருந்தது. பாத்திரம் கழுவி முடித்துக் கையைத் துடைத்ததும் அந்த மனிதர் எழுதியது. ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். 'சும்மாதான் சார், எத்தனை மணிக்குப் படுக்கிறேன் என்று பார்க்க' என்றார். விசாரணையில் அந்தக் காலண்டர்தான் பேசியது. கல்யாணப் பார்ட்டி நடந்த நாட்களின் பில் புத்தகத்தைக் கேட்டு வாங்கி அருகில் வைத்துப் பார்த்தோம். பார்ட்டி இருந்த நாளெல்லாம் காலண்டரிலும் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

ஆகவே 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். திகதி, வந்த நேரம், போன நேரம், அன்று என்ன விசேஷம் என்பதை அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் நீங்களும் பெப்ரவரி 30 எழுதுவீர்கள். குரூப்பில் வரும் ரோஸ்டரை ஒவ்வொரு வாரமும் படமெடுத்து வேறொரு இடத்துக்கு அனுப்பி வையுங்கள். குரூப்பிலிருந்து தூக்கிவிட்டால் அதற்குப் பிறகு வருவது எதையும் பார்க்க முடியாது. சம்பளச் சிட்டை ஒன்றைக்கூட எறிய வேண்டாம். கொப்பி ஸ்டாஃப் ரூமில் இருக்கக் கூடாது. மாதம் ஒரு முறை வீட்டுக்குப் போகும்போது அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் வையுங்கள்.

இனி சர்விஸ் சார்ஜ். வாடிக்கையாளரின் பில்லில் 10 வீதம் சேர்த்து வாங்கி, மாதக் கடைசியில் பாயின்ட் கணக்கில் ஊழியர்களுக்குப் பிரிப்பது நம் ஹோட்டல்களின் வழக்கம். அது விருந்தினர் தந்த காசு. மேலதிக நேரச் சம்பளம் முதலாளி தர வேண்டிய காசு. ஒரு கடனை இன்னொருவரின் காசால் தீர்க்கப் பார்க்கிறார்கள். ஒழுங்கான ஹோட்டலில் அந்த மாதம் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, ஒரு பாயின்ட் எத்தனை ரூபாய் என்று ஸ்டாஃப் நோட்டீஸ் பலகையில் ஒட்டுவார்கள். உங்கள் இடத்தில் ஒட்டுகிறார்களா? இல்லையென்றால், ஓ.டி.யைக் கேட்பதற்கு முன்பு இதைக் கேளுங்கள். கேட்பது சுலபம், எல்லோரும் சேர்ந்து கேட்கலாம், மனேஜருக்கும் அதில் பங்கு உண்டு. மழைக்காலத்தில் அறை காலியாகக் கிடந்தால் சர்விஸ் சார்ஜ் குறைவது இயல்புதான். ஆனால் அதையே சாட்டாக வைத்து அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்க உங்கள் சம்மதம் வேண்டும்.

தங்க இடமும் சாப்பாடும் தருகிறோமே என்பார்கள். அதனால் 8 மணி நேரம் 12 ஆகிவிடாது. தரும் சாப்பாட்டின் பெறுமதியையும் ஊழியர் சேமலாப நிதிக்குக் கணக்கிடும் சம்பாத்தியத்தில் சேர்க்க வேண்டும் என்பதுதான் சட்டம்.

அந்த நிதிக்கே வருவோம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அந்த 2,240தான். ஓ.டி. தராதது தர வேண்டியதைத் தராதது. இது உங்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்தது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். இரண்டையும் அடுத்த மாத இறுதிக்குள் நிதியத்தில் கட்ட வேண்டும். இதைத் தவிர ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம். 28,000க்கே கணக்குப் பார்த்தாலும் உங்கள் 2,240, அவருடைய 3,360, மாதம் 5,600 ரூபாய். 14 மாதத்துக்கு 78,400. சேர்ந்த முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். தகுதிகாண் காலம், தற்காலிகம், ட்ரெய்னி என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. உங்கள் பெயரில் கட்டியிருக்கிறார்களா என்பதை அடையாள அட்டையையும் சிட்டைகளையும் எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போய்க் கேட்கலாம். கட்டவில்லை என்றால் தாமதத்துக்கு மேலதிகக் கட்டணத்தோடு அறவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நீதவான் நீதிமன்றம் வரை கொண்டுபோவார்கள். பல முதலாளிகள் மற்ற எல்லாவற்றுக்கும் வாதாடுவார்கள், இதற்கு மட்டும் வாதாட மாட்டார்கள்.

லீவு விஷயத்தில் உங்களுக்கு ஒரு கசப்பான செய்தியும் ஒரு நல்ல செய்தியும் இருக்கின்றன. கசப்பானது தீபாவளி. அரசாங்க அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அது விடுமுறை. ஆனால் கடை, அலுவலகச் சட்டத்தில் சம்பளத்தோடு தர வேண்டிய எட்டு நாட்களில் அது இல்லை. தைப்பொங்கல், சுதந்திர தினம், நபிகள் நாயகம் பிறந்த தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல்நாள், புத்தாண்டு நாள், மே தினம், வெசாக்கின் மறுநாள், நத்தார், இவைதான் அந்த எட்டு. நம் ஆட்கள் இத்தனை பேர் வேலை செய்யும் துறையில் தீபாவளி இல்லாதது எனக்கும் வருத்தம்தான். அந்த நாளுக்கு உங்கள் சொந்த லீவைத்தான் போட வேண்டும்.

நல்ல செய்தி, போடுவதற்கு லீவு உங்களிடம் இருக்கிறது. முதல் வருடம் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தவருக்கு இரண்டாவது வருடத்தில் சம்பளத்தோடு 14 நாள் வருடாந்த லீவு. நீங்கள் ஜனவரி 20இல் சேர்ந்தவர், முழுப் பதினான்கும் உங்களுடையது. அதற்கு மேல் 7 நாள் தற்செயல் லீவு. இந்த வருடத் தீபாவளிக்கு இப்போதே எழுத்தில் விண்ணப்பியுங்கள். அக்டோபரில் கேட்டால் 'ஆள் இல்லை' என்பார்கள்.

பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். புத்தாண்டுக்கு முதல்நாளும் புத்தாண்டு நாளும் அதில் இருக்கின்றன. குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியுமாக நுவரெலியா நிரம்பி வழிகிற, கிரகரி வாவிப் பக்கம் கால் வைக்க இடமில்லாத அதே நாட்கள். அந்த நாட்களில் உங்களை வேலைக்கு வைத்தால் அந்த வருடம் டிசம்பர் 31க்குள் சம்பளத்தோடு மாற்று நாள் தர வேண்டும், இல்லாவிட்டால் இரட்டைச் சம்பளம். போயா (பௌர்ணமி) தினத்தில் வேலை செய்தால் அன்றைக்கு ஒன்றரை மடங்கு. 14 மாதத்தில் எத்தனை போயா வந்தது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

'சீசனுக்கு ஓஃப் இல்லை' என்ற அறிவிப்பு சட்டப்படி செல்லாது. வாரத்துக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு விடுமுறை என்பதுதான் சட்டம். உங்களுக்குச் சாதாரண காலத்திலேயே அந்த அரை நாள் கிடைப்பதில்லை. ஆனாலும் ஏப்ரல் நடுவில் 'நான் வரமாட்டேன்' என்று படுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு வாரம்தான் ஹோட்டலுக்கு வருடத்தின் அறுவடை, உங்கள் சர்விஸ் சார்ஜுக்கும்தான். மே மாதத்தில் சேர்த்துத் தருகிறோம் என்றால், எத்தனை நாள், எந்தத் திகதியில் என்று குரூப்பில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். வாயால் சொன்ன ஓஃப் மே மாத மழையில் கரைந்துவிடும்.

முதலாளி பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதல், அதற்குப் பின்னால் கொவிட், 2022இல் பெற்றோலும் எரிவாயுவும் இல்லாத மாதங்கள், கடைசியாகக் கடந்த நவம்பரில் டித்வா புயல். பாதை உடைந்து, மண் சரிந்து, புக்கிங் எல்லாம் ரத்தாகி நின்றவர்கள் இருக்கிறார்கள். சின்ன ஹோட்டல்காரர் சிலர் உண்மையிலேயே கடனில்தான் ஓடுகிறார்கள். அப்படிப்பட்டவர் கணக்கைத் திறந்து காட்டி, நிலுவையைத் தவணையில் தருகிறேன் என்று வந்தால் ஒத்துப்போகலாம், அதையும் எழுத்தில். கணக்கைக் காட்டாமல் கஷ்டத்தை மட்டும் சொல்பவரை நான் நம்புவதில்லை.

இனி நீங்கள் உண்மையில் பயப்படுகிற விஷயம், அந்த வெள்ளைத் தாள். அதை ஏன் வாங்குகிறார்கள் தெரியுமா? 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்த ஒருவரை அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. ஒழுக்காற்று நடவடிக்கை என்று நிறுத்தினாலும், காரணத்தை எழுத்தில் இரண்டாவது வேலை நாளுக்குள் தர வேண்டும். உங்கள் ஹோட்டலில் 18 பேர். நீங்கள் 180 நாளை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். நிறுத்துவது இவ்வளவு சிரமம் என்பதால், 'அவராகவே விலகினார்' என்று காட்ட ஒரு தாள் தேவைப்படுகிறது. மேலே ராஜினாமா வாசகத்தை அடித்து, திகதியைப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

அப்படி எளிதில் முடியாது. உங்களோடு சேர்ந்த மற்றவர்களிடமும் இதே போல வாங்கியிருந்தால், அவர்களே சாட்சி. என்றாவது ஒரு நாள் 'நீ ராஜினாமா பண்ணிவிட்டாய்' என்று சொன்னால், கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடாதீர்கள். எத்தனையோ பேர் தோற்பது அங்கேதான். மறுநாள் காலை 6 மணிக்கு யூனிஃபோர்ம் போட்டுக்கொண்டு வாசலில் போய் நில்லுங்கள். உள்ளே விடாவிட்டால் அங்கிருந்தே மனேஜருக்கு வட்ஸ்அப்பில், 'நான் ராஜினாமா செய்யவில்லை, இன்று காலை வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை' என்று அனுப்புங்கள். அன்றே இதைக் கடிதமாகப் பதிவுத் தபாலில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தானாக விலகியவன் மறுநாள் காலையில் வாசலில் வந்து நிற்க மாட்டான் என்பது யாருக்கும் விளங்கும். அன்றிலிருந்து 6 மாதத்துக்குள் தொழில் ஆணையாளரிடமோ தொழில் நியாய மன்றிலோ முறையிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு நாள் பிந்தினாலும் கதவு மூடிவிடும்.

கேட்டால் வேலை போகுமா என்கிறீர்கள். போகாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். டியூட்டியை மாற்றுவார்கள், பாயின்டைக் குறைப்பார்கள், முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதனால் தனியாளாகப் போய் மனேஜர் முன்னால் சட்டம் பேச வேண்டாம். முதலில் கொப்பி, ஒரு மாதம். அதற்குள் கூட வேலை செய்பவர்களில் இரண்டு மூன்று பேரிடமாவது பேசிப் பாருங்கள். சிங்களப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் இதே 12 மணிதான். ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கும் பெண் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். கர்ப்பமானால் வேலையை விடச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். 84 வேலை நாள் சம்பளத்தோடு பிரசவ லீவு உண்டு என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

அப்புறம் உங்கள் ஓஃப் நாளில், அது வேலை நாளாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, நுவரெலியாவிலோ ஹட்டனிலோ உள்ள தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். நுவரெலியாவில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயமென்றால் ஹட்டனுக்குப் போய் விசாரியுங்கள். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். பெயரை வெளியிடாமல் சோதனைக்கு வரும்படி கேட்கலாம். அதிகாரி பொதுச் சோதனையாக வந்து எல்லோருடைய பதிவேட்டையும் நிதிக் கணக்கையும் பார்ப்பார். உங்கள் தனிப்பட்ட நிலுவையை அறவிட வேண்டும் என்றால் மட்டும் பெயர் தேவை. நான் உங்கள் இடத்தில் இருந்தால், நிதியைப் பற்றிப் பெயரில்லாமல் இப்போதும், மேலதிக நேரத்தைப் பற்றிப் பெயரோடு சீசன் முடிந்த பிறகும் கேட்பேன். மே மாதத்தில் கொப்பியில் ஏப்ரலும் சேர்ந்திருக்கும்.

கடைசியாகக் கட்டார். அங்கே ஹோட்டல் வேலைக்குப் போகிறவரிடம் சேவைச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள். அதில் 'ட்ரெய்னி' என்று இருந்தால், இரண்டு வருடம் ஐந்து மேசையை ஒரே நேரத்தில் பார்த்தவர் நீங்கள் என்பது யாருக்கும் தெரியாது. உண்மையான பயிலுநருக்கு ஒரு பயிற்சி நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்கும், பயிற்சி முடியும் திகதி இருக்கும், பதிவுப் புத்தகம் இருக்கும். உங்களிடம் இதில் ஒன்றும் இல்லை. பதவியின் பெயர், சம்பளம், வேலை நேரம், லீவு, மேலதிக நேர விகிதம் ஆகியவற்றை எழுதி நியமனத்தின்போதே தர வேண்டும் என்று அதே 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எனவே ஓ.டி.யைப் பற்றி வாய் திறப்பதற்கு முன், மிகவும் பணிவாக, நியமனக் கடிதத்தைத் திருத்தித் தரும்படி ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். காசு கேட்கும் கடிதம் இல்லை என்பதால் மனேஜர் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். பதவி: ஸ்டுவர்ட். சேர்ந்த திகதி: 20.01.2025. இந்த இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பிரதியைக் கொப்பியோடு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.